குழந்தை பதில் சொல்லட்டும்



பிரசவம் நல்லபடியாக ஆகவேண்டும் என்று மலைக்கோட்டைத் தாயுமானவருக்கு வாழைத்தார் நேர்ந்துகொள்வது நம் திருச்சி வழக்கம். காவிரி வெள்ளத்தால் தாய் வந்துசேர முடியாமல் தவித்த ரத்னாவதிக்கு, சிவபெருமானே அந்தத் தாயின் உருவில் வந்து பிரசவம் பார்த்தார் என்கிறது தலபுராணம். பிரசவம் வரைக்கும் நம்மிடம் ஆயிரம் ஏற்பாடு. அதன்பிறகு, பால் குடித்ததா, தூங்கியதா, எடை ஏறியதா என்ற மூன்று கேள்விதான். 'இன்னைக்குப் பிள்ளையோட விளையாடினியா?' என்று யாரும் கேட்பதில்லை. தகப்பனை நிச்சயமாகக் கேட்பதில்லை.

விளையாட்டு என்றதும் என்.எஸ்.பி. ரோட்டுப் பொம்மைக் கடைக்குப் புறப்பட வேண்டாம். இரண்டு மூன்று மாதக் குழந்தைக்கு உங்கள் முகமே போதும். அது 'ங்கா' என்றால் நீங்களும் 'ங்கா' என்று சொல்லிவிட்டு, வாயை மூடிக்கொண்டு காத்திருங்கள். கால் உதைக்கும், உதடு குவியும், கொஞ்சம் தாமதித்து ஒரு சத்தம் வரும். அதுதான் அதன் பதில். நம்மில் பலருக்கு அதுவரை பொறுமை இருப்பதில்லை. கேள்வியும் நாமே, பதிலும் நாமே.

நம் பாட்டிமாருக்கு இந்த வித்தை தெரியும். உள்ளங்கையில் பருப்புக் கடைந்து, விரல் விரலாகப் பங்கு வைத்து, முழங்கை வழியே நண்டை ஊரவிடுவார்கள். அக்குளுக்குச் சற்று முன்னால் நண்டு நின்றுவிடும். குழந்தை மூச்சைப் பிடித்துக்கொண்டு பாட்டியின் முகத்தையே பார்க்கும். கிச்சுகிச்சு அப்புறம்தான். அந்த நிறுத்தத்தில்தான் விளையாட்டே இருக்கிறது.

அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் ட்ரோனிக் 1970களில் ஒரு சோதனை செய்தார். கொஞ்சிக்கொண்டிருந்த தாயிடம், சில நிமிடம் முகத்தில் எந்தச் சலனமும் காட்டாமல் இருக்கச் சொன்னார். குழந்தை சிரித்துப் பார்த்தது, கையை நீட்டியது, கத்தியது. கடைசியில் முகத்தைத் திருப்பிக்கொண்டது. கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே பாலூட்டும் வீடுகளில் இந்தச் சோதனை தினமும் நடக்கிறது என்றே எனக்குத் தோன்றுகிறது.

பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள் குழந்தையைக் கூர்ந்து பார்த்தவர்கள். ஐந்தாம் மாதம் செங்கீரை: கையை ஊன்றித் தலை நிமிர்த்தி ஆடுவது. ஒன்பதாம் மாதம் சப்பாணி: கை கொட்டுவது. அரங்கனுக்கே மாமனாரான பெரியாழ்வார் கண்ணனைச் சப்பாணி கொட்டச் சொன்ன பாசுரங்கள் நாலாயிரத்தில் இருக்கின்றன. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை திருவானைக்கா அகிலாண்டேசுவரியையே குழந்தையாக்கிப் பிள்ளைத்தமிழ் பாடினார். உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னதும் செங்கீரைக்குப் பக்கத்தில்தான் வருகிறது: தவழத் தொடங்காத குழந்தையை, விழித்திருக்கும்போது, நாளில் மொத்தம் அரை மணி நேரமாவது குப்புறப் படுக்கவிட்டு விளையாட்டுக் காட்டுங்கள். இரண்டு வயது வரை திரையே வேண்டாம் என்று சொன்னதும் அதே அறிக்கைதான்.

'சும்மா தூக்கினா கைச்சூடு பழகிடும்' என்பார்கள். பழகட்டுமே! ஆனால் குழந்தை முகத்தைத் திருப்பினால், கொட்டாவி விட்டால், 'போதும்' என்கிறது. விட்டுவிடுங்கள்.

வீட்டுப் பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை. இரவெல்லாம் விழித்த மருமகளிடம் 'குழந்தையோட பேசும்மா' என்று உபதேசம் செய்வதைவிட, அரை மணி நேரம் அடுப்படியை வாங்கிக்கொள்வது பெரிய உதவி. பிள்ளை பெற்றவள் நாள்கணக்கில் சோர்ந்து, குழந்தை முகத்தைப் பார்க்கவே பிடிக்காமல் இருந்தால், அது சோம்பல் அல்ல, திமிரும் அல்ல. டாக்டரிடம் அழைத்துப் போங்கள்.

பிறந்தது முதல் மூன்று வயது வரைக்கும் வீட்டிலேயே செய்யக்கூடிய 140 விளையாட்டுகளை, 'நவசேதனா' என்ற பெயரில் மத்திய அரசு 2024இல் தொகுத்து வெளியிட்டது. உங்கள் தெரு அங்கன்வாடிப் பணியாளரிடம் கேளுங்கள். கேட்கப் போகும்போது குழந்தையின் அப்பாவையும் கூட்டிக்கொண்டு போங்கள்.