எழும்பூரில் எலியட் செய்த பணியும் கண் நீர் அழுத்த நோயும்



கல்விக்கென எடுக்கும் விழாவில் கண் மருத்துவன் ஒருவனைப் பேச அழைத்திருக்கிறீர்கள். பொருத்தமான அழைப்பே. நம் வீடுகளில் முதன்முதலாக எழுத்தறிந்த தலைமுறையினர் இன்று நாற்பதையும் ஐம்பதையும் கடந்து நிற்கின்றனர். அரும்பாடுபட்டுக் கற்ற எழுத்தை அவர்கள் கண்ணிலிருந்து ஓசையின்றிப் பறிக்கும் நோய் ஒன்று உண்டு. அதனைக் கண் நீர் அழுத்த நோய் என்பர். கிளாக்கோமா என்பதும் அதுவே.

கண்ணினுள் தெளிந்த நீர் ஒன்று இடையறாது சுரந்து, கருவிழியின் ஓரத்திலுள்ள நுண்ணிய வடிகால் வழியே வெளியேறுகிறது. வடிகால் தடைப்பட்டால் நீர் தேங்கும், அழுத்தம் ஏறும், பார்வை நரம்பு சிறிது சிறிதாகத் தேயும். சிலருக்கு அழுத்தம் மிகாமலேயே நரம்பு தேய்வதும் உண்டு. முதலில் பக்கப் பார்வை குறையும். நேர்ப்பார்வை கடைசிவரை நிற்பதால், வரப்பில் கால் இடறியவர் தம் முதுமையை நொந்துகொள்வாரேயன்றிக் கண்ணை ஐயுறமாட்டார். கண்புரையால் மங்கிய பார்வையை அறுவை மீட்டுத் தரும். இந்நோயில் இழந்த பார்வை இழந்ததே. எஞ்சியதைக் காப்பது ஒன்றே மருத்துவம்.

பெர்லின் நகரத்து அறிஞர் கிராஃபே, கருமணிப் படலத்தில் ஒரு துண்டை வெட்டியெடுத்துத் திடீர் வகை நோயைத் தணிக்கலாம் என்று 1857-இல் அறிவித்தார். வலியோடு வரும் அவ்வகைக்கு அது கைகொடுத்தது. ஓசையின்றி வரும் வகைக்குப் பெரும்பயன் தரவில்லை. அதற்கு வழி தேடியோருள் ஒருவர் நம் சென்னையில் பணியாற்றினார் என்பதை நம் மாணவர்கள் அறிதல் வேண்டும்.

சென்னைக் கண் மருத்துவமனை 1819-இல் தோன்றியது. இலண்டன் மூர்ஃபீல்ட்ஸ் மருத்துவமனையை அடுத்து உலகிலேயே பழமையானது என எண்ணப்படுவது. எழும்பூரிலுள்ள அம்மனையின் கண்காணிப்பாளராக இருந்த இராபர்ட் ஹென்றி எலியட் (1864–1936), இந்திய மருத்துவப் பணியைச் சேர்ந்த படை அதிகாரி. பாம்பு நஞ்சையும் ஆராய்ந்தவர். 1909-இல் அவர் ஒரு புதிய அறுவையை வெளியிட்டார். டிரெஃபைன் என்னும் சிறு வட்டத் துளைக்கருவியைக் கொண்டு, வெண்விழியும் கருவிழியும் கூடும் விளிம்பில் ஒரு துளையிட்டு, தேங்கிய நீர் மேற்சவ்வின் அடியில் கசிந்து பரவ வழிசெய்தார். அடைபட்ட மதகுக்குப் பக்கத்தில் புதுக் கலுங்கு வெட்டியது போன்றது அது. கிளாஸ்கோவில் ஃபெர்கசும் அதே காலத்தில் இத்தகைய முறையை முயன்றார். எனினும் எலியட்டின் பெயரே அம்முறையோடு நிலைத்தது. 1913-இல் இதனை விளக்கித் தனி நூலும் எழுதினார்.

இம்முறை சென்னையில் வளர்ந்ததற்கு நான் காணும் காரணம் ஒன்றுண்டு. நாள்தோறும் சொட்டு மருந்து இடுவதும் திங்கள்தோறும் மருத்துவரைக் காண்பதும் வசதியுடையோர்க்கு இயலும். தொலைவிலுள்ள சிற்றூரிலிருந்து கூலியை இழந்து வரும் ஏழைக்கு அது இயலாது. ஒருமுறை கத்தி வைத்து முடித்தனுப்பும் மருத்துவமே அவருக்கு உதவும். ஆனால் அதிலேயே ஒரு கேடும் இருந்தது. துளையின் மேல் எழும் கொப்புளத்தின் தோல் மிக மெல்லியதாகிவிட்டால், பல்லாண்டு கழித்தும் கிருமி புகுந்து கண் பாழாகலாம். ஊர் திரும்பியவர் அப்போது யாரிடம் காட்டுவார்? இக்குறையை நீக்க, வெண்விழியிலேயே ஒரு மூடியமைத்து அதன் அடியில் வழிவிடும் முறையைக் கெய்ர்ன்ஸ் 1968-இல் வெளியிட்டார். இன்றும் அதுவே பெருவழக்கு.

எலியட் நாட்டு வைத்தியர்கள் ஊசியால் புரையைக் கண்ணுக்குள் தள்ளிவிடும் முறையையும் ஆராய்ந்து, அதனால் குருடான கண்களைத் திரட்டிக் காட்டினார். அவர் பெயரால் எழும்பூரில் ஓர் அருங்காட்சியகமும் உண்டு. பிற்காலத்தில் இலண்டனில் கயிற்று வித்தைப் புரளியை ஆராய்ந்து, 1934-இல் அதைப் பற்றியும் நூல் எழுதினார் என்பது வேடிக்கையான செய்தி. ஆட்சியாளர் இனத்தவர் என்பதற்காக அவர் பணியை நான் குறைத்துக் கூறேன். ஆயினும் அவர் கைத்திறன் முதிர்ந்தது சென்னை ஏழைகளின் கண்களில் என்பதையும் மறைக்கமாட்டேன். அறுவைக்கு அவர் பெயர் நின்றது. கண் கொடுத்தவர்களுக்குப் பெயர் நிற்கவில்லை.

இன்று கருவிகள் பெருகியுள்ளன. 1978 முதல் டிமோலால் சொட்டு மருந்தும் வழக்கத்தில் உள்ளது. அப்படியிருந்தும், தமிழ்நாட்டில் நடந்த கணக்கெடுப்புகளில் இந்நோய் கண்டவருள் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் தமக்கு நோய் இருப்பதையே அறியாதவர். மருந்து வந்த பின்னும் இந்நிலை என்றால் குறை மருந்தில் இல்லை. நோயாளியைத் தேடிச் செல்வோர் போதவில்லை. நம் பிள்ளைகள் மருத்துவர்களாக வேண்டும் என்று மேடைகளில் பேசுகிறோம். நன்று. ஆனால் அழுத்தம் அளக்கவும் பார்வைப் புலம் சோதிக்கவும் பயின்ற உதவியாளராகவும் அவர்கள் செல்லலாம். அதற்கும் கழகம் உதவித்தொகை ஒதுக்க வேண்டுமென்று செயற்குழுவினரைக் கேட்டுக்கொள்கிறேன்.

பெரியோர்க்கு ஒரு சொல். கண் உறுத்தினால் கடையில் கேட்டு வாங்கும் சில சொட்டு மருந்துகளில் ஸ்டீராய்டு இருக்கும். நெடுநாள் இட்டால் அதுவே அழுத்தத்தை ஏற்றிவிடக்கூடும். மருத்துவர் எழுதித் தராததை இடாதீர்கள். மேலும் இந்நோய் குடும்பவழி வருவது. பெற்றோருக்கோ உடன்பிறந்தாருக்கோ இருந்தால் உங்களுக்கும் வரும் வாய்ப்பு மிகுதி. நாற்பது கடந்தவர்கள் கண்ணாடிக் கடையில் எழுத்தைப் படித்துக் காட்டியதோடு நின்றுவிடாமல், பார்வை நரம்பையும் பார்க்கச் சொல்லுங்கள்.

உணவுக்குப் பின் பள்ளியின் வடக்கு அறையில் அழுத்தம் அளக்க ஏற்பாடு செய்துள்ளோம். வீட்டில் ஒருவருக்கேனும் இந்நோய் உள்ளவர்கள் முதலில் பெயர் பதிந்துகொள்ளுங்கள். பழைய மருந்துச் சீட்டு இருந்தால் அதையும் கையோடு கொண்டுவாருங்கள்.