மரம் பேணுந் தொழிலும் கடனும்

ஆவணி பிறந்ததும் யாழ்ப்பாணத்து வளவுகளில் வீட்டுக்காரரின் கண் தானாகவே மேல்நோக்கிச் செல்லும். கூரைக்கு மேலாக நீண்ட மாங்கொப்பு, கிணற்றடியிற் சாய்ந்த தென்னை, மதிலைத் தள்ளும் வேம்பு ஆகியன ஐப்பசி, கார்த்திகைக் காற்றுக்கு முன்னர் கவனிக்கப்படவேண்டியவை. 1978ஆம் ஆண்டு நவம்பரில் மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளியை அறிந்தவர்க்கு இதனை விரித்துரைக்கத் தேவையில்லை. ஆனால், மரமேறத் தெரிந்தவர்கள் ஊரிலே குறைந்துவிட்டனர். பிள்ளைகள் பிறநாட்டிலும் முதிய பெற்றோர் தனியே வளவிலுமாக உள்ள வீடுகளோ பல. ஆகவே, மரம் பேணுந் தொழிலில் இறங்கும் இளைஞனுக்கு வேலை இருக்கிறது. அவனைக் கவிழ்ப்பது பெரும்பாலும் வேலையின்மை அன்று. வேலை தொடங்குமுன்பே பட்ட கடன்.

மரம் வெட்டுதல் வேறு, மரம் பேணுதல் வேறு. அமெரிக்க வன ஆராய்ச்சியாளரான அலெக்ஸ் ஷைகோ, ஆயிரக்கணக்கான மரங்களை அறுத்துப் பார்த்து ஓர் உண்மையை நிலைநாட்டினார். மனிதனின் உடலைப்போல மரம் காயத்தை ஆற்றிக்கொள்வதில்லை. காயப்பட்ட பகுதியைச் சுற்றி வேலியடைத்துவிட்டு, அதற்கு வெளியே புதிதாக வளர்கிறது. கொப்பு அடிமரத்தோடு சேருமிடத்திலுள்ள தடித்த வளையத்திலேயே அந்த ஆற்றல் தங்கியிருக்கிறது. வளையத்தையும் சேர்த்து அடிமரத்தோடு ஒட்ட அறுத்தால் உக்கல் உள்ளே புகும். பாரமான கொப்பாயின், முதலிற் கீழ்ப்புறத்தே சிறிது அறுத்து, பின்னர் சற்று அப்பால் மேலிருந்து அறுத்துப் பாரத்தை இறக்கி, எஞ்சிய முளையை வளையத்துக்கு வெளியே அறுப்பதே முறை. இதற்கு வேண்டியது கூரான கைவாளும் பொறுமையுமே. வெட்டுவாயிலே தார் பூசுவதாற் பயனில்லை. பலா, பெண்பனை முதலியவற்றைத் தறிப்பதை 1951ஆம் ஆண்டின் சட்டமொன்று கட்டுப்படுத்துகிறது. பிரதேச செயலகத்தில் விசாரியாமல் அவற்றில் கை வைத்தல் ஆகாது. மின்கம்பியை அண்டிய கொப்போ மின்சாரப் பகுதியினருக்குரிய வேலை.

இத்தகைய தொழிலுக்கு முதற்கண் வேண்டும் முதல் பெரிதன்று. நல்ல கயிறு, இடைவார், தலைக்கவசம், ஏணி, இரண்டு கைவாள் போதும். ஆனால் இளைஞனின் மனமோ இயந்திர வாளிலும், மரத்துண்டு ஏற்றும் லொறியிலும் நிற்கிறது. லொறி வாசலில் நின்றால் ஊரார் மதிப்பர் என்பதும் அந்தக் கணக்கிற் சேர்ந்துவிடுகிறது! இயந்திர வாளை நாள்வாடகைக்கு எடுக்கலாம். ஏற்றிப்பறிக்க அயலவரின் உழவு இயந்திரத்தை அமர்த்தலாம். ஆறு மாதம் வாடகைக் கணக்கை எழுதிவந்து, மாத வாடகை தவணைப் பணத்தைத் தாண்டும்போது சொந்தமாக வாங்குவது தக்கது. அதற்குமுன் வாங்கும் கருவி, வேலையில்லாத நாளிலும் வட்டி தின்னும்.

வட்டியிலே ஒரு நுட்பம் உண்டு. ஒருவன் 3 இலட்சம் ரூபாவை நூற்றுக்கு 20 வட்டியில் இரண்டு ஆண்டுகளுக்குப் பெறுகிறான் என வைத்துக்கொள்வோம். முழுத்தொகைக்கும் இறுதிவரை வட்டி கணக்கிட்டால் வட்டி 120,000 ரூபா. மாதத் தவணை 17,500. தீர்த்தது போக மிஞ்சிய கடனுக்கு மட்டும் கணக்கிட்டாலோ, தவணை ஏறக்குறைய 15,270 ரூபா. வட்டி 66,000 ரூபாவைச் சிறிதே தாண்டும். சொல்லப்படுவது இரண்டிடத்தும் 20 வீதமே. ஆயினும் முதலாவது கடனின் உண்மையான பாரம், மிஞ்சிய கடனுக்கு 35 வீதத்தை ஒட்டியது. கடன் கொடுப்பவரிடம் வட்டி எவ்வளவு என்று கேட்பதிலும், மொத்தமாக எத்தனை ரூபா திருப்பிக் கட்டவேண்டும் என்று கேட்பதே நன்று. அவ்விடையை எழுத்திலே பெறுதல் அதனினும் நன்று.

வட்டி மாறக்கூடிய கடனாயின் இன்னும் எச்சரிக்கை வேண்டும். 2022ஆம் ஆண்டு ஏப்ரலில் இலங்கை மத்திய வங்கி தன் கொள்கை வட்டி வீதத்தை ஒரே முறையில் 7 சதவீதப் புள்ளிகளால் உயர்த்தியது. அதே ஆண்டு ஜூனில் ஒரு லீற்றர் பெற்றோலின் விலை 470 ரூபாவாயிற்று. இயந்திர வாளுக்கும் லொறிக்கும் எரிபொருளுக்காக வரிசையில் நின்றவனிடம் தவணைக்காரர் காத்திருக்கவில்லை. கயிறும் கைவாளும் மட்டும் வைத்திருந்தவனுக்கு அந்தப் பாரம் இல்லை.

இத்தொழிலின் வருவாய் ஆண்டு முழுவதும் ஒரே சீராக வருவதன்று. புரட்டாசியில் நாளுக்கு இரண்டு வளவு. கார்த்திகை மழையிலே கையைக் கட்டிக்கொண்டு இருக்கவேண்டும். மாம்பழக் காலம் முடிந்தபின் மாவைக் கவ்வாத்துச் செய்வதும், தென்னையின் வட்டைத் துப்புரவாக்கிக் காண்டாமிருக வண்டைத் தேடி அகற்றுவதும் இடைக்காலத்தை ஓரளவு நிரப்பும். எனினும், தவணையை மதிப்பிடும்போது புரட்டாசி வருவாயைக் கொண்டு மதிப்பிடலாகாது. கார்த்திகையிற் கட்டக்கூடிய தொகையே அளவு. கூலியாட்களின் சம்பளத்தையும் வாள் தீட்டும் செலவையும் கழித்து மிஞ்சுவதைத்தான் வருவாய் எனலாம். வீட்டுச்செலவுக் கொப்பியும் தொழிற் கொப்பியும் வேறுவேறாக இருத்தல் வேண்டும். மனைவியின் தாலிக்கொடி அடகுக்குப் போவது பெரும்பாலும் இவ்விரண்டும் ஒன்றான வீட்டிலேதான்.

எத்தனை எச்சரிக்கையாயிருந்தாலும் ஒருவன் மரத்திலிருந்து விழக்கூடும், தவணை தவறக்கூடும். அப்பொழுது ஒரு கடனைத் தீர்க்க இன்னொரு கடன் வாங்குவதும், மாத வட்டிக்காரரை நாடுவதும் வழக்கமாகிவிட்டன. அதனிலும், தவணை நாளுக்கு முன்பே வங்கிக்கோ சிக்கன கடனுதவிக் கூட்டுறவுச் சங்கத்துக்கோ வேலைக் கொப்பியுடன் நேரே சென்று, காலத்தை நீட்டித் தவணையைக் குறைக்கும்படி கேட்கலாம். காலம் நீள வட்டியும் கூடும் என்பதால், புதிய மொத்தத் தொகையையும் அங்கேயே கேட்டறியவேண்டும். பிணை நின்ற அயலவரிடமும் அன்றே செய்தியைச் சொல்லிவிட வேண்டும். கடிதம் அவர் வீட்டுக்கும் போகும்.