நிறங்கண்டு பெயர் சூட்டற்க



பள்ளி அறிவியற் கண்காட்சிகளில் நீலப் படிகங்களை வளர்த்து, 'தாமிர சல்பேட்' என்று அட்டை எழுதி வைப்பதுண்டு. கரைசலில் மயில்துத்தம் மட்டுமே இருந்திருப்பின் அப்பெயர் சரியே. வேறோர் உப்பும் கலந்திருப்பின் நாம் ஆராய்ந்தே பெயரிடல் வேண்டும்.

25 கிராம் மயில்துத்தத்தையும் 13 கிராம் அம்மோனியம் சல்பேட்டையும் வெந்நீரில் கரைத்து ஆறவிடுவோம். விளையும் படிகம் மயில்துத்தமும் அன்று, அம்மோனியம் சல்பேட்டும் அன்று. இரண்டும் கூடிய இரட்டை உப்பு. மயில்துத்தப் படிகத்தில் ஒரு மூலக்கூறுக்கு 5 நீர் மூலக்கூறுகள் உண்டு, இதிலோ 6. நிறம் சற்றே வெளிறிய நீலம். ஆயினும் நிறத்தை மட்டும் நம்பித் தீர்ப்புரைத்தல் ஆகாது.

படிகத்தைக் குளிர்ந்த நீரில் சிறிதே கழுவித் தாளில் ஒற்றுவோம். மேலே ஒட்டிய கரைசல் நின்றுவிடின் சோதனை பொய்க்கும். பின்னர்ப் பொடித்து, நீற்றிய சுண்ணாம்பும் சிறிது நீரும் சேர்த்து மெல்லச் சூடாக்கினால் அம்மோனியா நெடி எழும். ஈரமான சிவப்பு லிட்மஸ் தாள் நீலமாகும். தூய மயில்துத்தம் இவ்வாறு காட்டாது. கழுவிய படிகத்தை மீண்டும் கரைத்து, மீண்டும் வளர்த்துச் சோதித்தால் ஐயம் அகலும். துத்தம் நஞ்சு; நாவில் வைத்தல் கூடவே கூடாது.

வடிவமும் தனித்து நின்று சான்றாகாது. படிகாரமும் குரோம் படிகாரமும் எண்முக வடிவினவே. கனசதுரமாய் வளரும் சோற்றுப்பு, யூரியா கலந்த கரைசலில் எண்முகமாகவும் வளரும்.

1848-இல் பிரான்சு நாட்டில், தோல் பதனிடும் தொழில் செய்தவரின் மைந்தரான லூயி பாஸ்டர், ஒரே கரைசலில் விளைந்த டார்டாரிக் அமிலத்தின் உப்புப் படிகங்களை உற்று நோக்கினார். பிறர் ஒன்றெனக் கருதியவற்றுள், ஆடிப் பிம்பம் போன்ற இருவகையைக் கண்டு கையாலேயே பிரித்தார். அத்துடன் நில்லாது, தனித்தனியே கரைத்து ஒளியால் சோதித்தார். ஒன்று வலப்புறமும் மற்றொன்று இடப்புறமும் ஒளியைத் திருப்பின. அப்போது அவருக்கு வயது 25.

இளைஞர்களே, சுண்ணாம்பும் உரக்கடை உப்பும் எளியோர்க்கும் கிட்டுபவை. ஆசிரியர் துணையோடு செய்து பாருங்கள். எவர் எழுதிய அட்டையாயினும் சோதித்தே ஏற்போம். நாம் எழுதும் அட்டையையும் பிறர் சோதிக்க இடந்தருவோம்.