உறைபனி காணாத மண்ணின் விரைவு ஸ்கேட்டிங் வீரர்

விரைவு ஸ்கேட்டிங் என்னும் விளையாட்டு இரண்டு கிளைகளாக வளர்ந்திருக்கிறது. உறைபனித் தளத்தின்மீது எஃகுத் தகடு பொருத்திய காலணியோடு விரைவது ஒன்று. தார் அல்லது சிமெண்டுத் தளத்தின்மீது சக்கரம் பொருத்திய காலணியோடு விரைவது மற்றொன்று. முதற்கிளையில் நெதர்லாந்துக்கு நிகரான நாடு வேறில்லை. 2014ஆம் ஆண்டு ரஷ்யாவின் சோச்சி நகரில் நடந்த குளிர்கால ஒலிம்பிக்கில், நெடுந்தட உறைபனி ஸ்கேட்டிங்குக்கென வழங்கப்பட்ட 36 பதக்கங்களில் 23 பதக்கங்களை அந்நாட்டவரே பெற்றனர்.  குளிர்காலத்தில் கால்வாய்கள் உறையும் அந்நாட்டின் விளையாட்டுக்கும், ஆண்டு முழுவதும் வெப்பம் நீங்காத சோழமண்டலக் கடற்கரைக்கும் தொடர்பிருக்க இயலாது என்றே பலரும் எண்ணக்கூடும். அவ்வெண்ணம் சரியன்று என்பதைச் சென்னையைச் சேர்ந்த ஆனந்த்குமார் வேல்குமாரின் விளையாட்டு வாழ்க்கை மெய்ப்பித்திருக்கிறது.

இரு கிளைகளுக்கும் தளம் மட்டுமே வேறு; அடிப்படைத் திறன் ஒன்றே. இரண்டிலும் வீரர் இடுப்பை வளைத்து, முழங்காலை மடக்கி, முதுகு தரைக்கு ஏறத்தாழ இணையாக இருக்கும்படி தாழ்ந்து செல்கிறார். அவ்வாறு தாழ்வதனால் எதிர்க்காற்றின் தடை குறைகிறது. ஓட்டப்பந்தய வீரர் தரையைப் பின்னோக்கி உதைத்து முன்னேறுகிறார். ஸ்கேட்டிங் வீரரோ பக்கவாட்டில் தள்ளி முன்னேறுகிறார். வளைவுகளில் வெளிக்காலை உட்காலுக்கு மேலாகக் கடத்தி வைத்து, உடலை உட்புறமாகச் சாய்த்து, வேகம் குறையாமல் திரும்புகிறார். சோச்சியில் 500 மீட்டர் போட்டியில் தங்கம் வென்ற நெதர்லாந்து வீரர் மிகெல் முல்டர், சக்கர ஸ்கேட்டிங்கிலும் பெயர் பெற்றவர் என்பது இவ்விரு கிளைகளின் உறவுக்குத் தக்க சான்றாகும். இரண்டு ஓட்டங்களின் நேரத்தைக் கூட்டிப் பார்த்தபோது, அவருக்கும் இரண்டாமிடம் பெற்ற அவர் நாட்டவரான யான் ஸ்மேகென்ஸுக்கும் இடையே இருந்த வேறுபாடு 0.012 நொடி மட்டுமே.

தமிழகத்துச் சிறுவர்கள் பெரும்பாலும் முன்னே இரண்டும் பின்னே இரண்டுமாகச் சக்கரங்கள் அமைந்த குவாட் வகைக் காலணியில் ஸ்கேட்டிங்கைத் தொடங்குகிறார்கள். உலகப் போட்டிகளில் பயன்படுவது இன்லைன் வகை. அதில் சக்கரங்கள் ஒரே வரிசையில் ஒன்றன்பின் ஒன்றாக அமைகின்றன. பெரும்பாலும் நான்கு சக்கரங்கள் கொண்ட அக்காலணியில் ஒவ்வொரு சக்கரமும் 110 மில்லிமீட்டர் வரை விட்டம் உடையதாக இருக்கும். ஆனந்த்குமாரின் வெற்றிகள் அனைத்தும் இவ்வகைப் போட்டிகளில் பெற்றவையே.

2021ஆம் ஆண்டு கொலம்பியாவின் இபாகே நகரில் நடந்த உலகப் போட்டியில், இளையோருக்கான 15 கிலோமீட்டர் நீக்கல் பந்தயத்தில் அவர் வெள்ளி வென்றார். நீக்கல் பந்தயம் என்பது, குறிப்பிட்ட சுற்றுகள் முடியுந்தோறும் கடைசியாக வருபவர் போட்டியிலிருந்து வெளியேற்றப்படும் முறையாகும். அதில் தொடக்கம் முதலே முழு வேகத்தில் செல்பவர் களைத்துப்போவார். பின்தங்கிச் செல்பவரோ வெளியேற்றப்படுவார். கூட்டத்தின் நடுவே இடம்பிடித்து, வலிமையைச் சேமித்து, உரிய சுற்றில் மட்டும் முன்னேறத் தெரிந்தவரே இறுதிவரை நிற்க இயலும் என்பதால், 18 வயதில் பெற்ற அந்தப் பதக்கம் அவருடைய கால்வலிமைக்கு மட்டுமன்றி நிதானத்துக்கும் கிடைத்த அங்கீகாரமாகும்.

2023 அக்டோபர் 2ஆம் நாள் சீனாவின் ஹாங்சோ நகரில், ஆசிய விளையாட்டுப் போட்டியின் 3000 மீட்டர் தொடர் ஓட்டத்தில் ஆர்யன்பால் சிங் குமன், சித்தாந்த் காம்ப்ளே, விக்ரம் இங்காலே ஆகியோருடன் இணைந்து அவர் வெண்கலம் வென்றார். ஸ்கேட்டிங் தொடர் ஓட்டத்தில் கையில் கோல் எதுவும் மாறுவதில்லை. வந்து சேரும் வீரர், தமக்குமுன் விரையத் தொடங்கியிருக்கும் தோழரின் பின்புறத்தில் கைவைத்துத் தள்ளித் தம் வேகத்தையே அவருக்குக் கொடுத்துவிடுகிறார். அதே பந்தயத்தில் முன்னணியில் இருந்த தென்கொரிய வீரர், வெற்றி உறுதி என்று எண்ணிக் கோட்டுக்குச் சற்று முன்பே கைகளை உயர்த்தியபோது, பின்னால் வந்த தைவான் வீரர் காலை நீட்டிச் சக்கரத்தை முதலில் கோட்டைக் கடக்கச் செய்து, 0.01 நொடி வேறுபாட்டில் தங்கத்தைத் தட்டிச் சென்றார். கோட்டைக் கடந்த பின்னரே பந்தயம் முடிகிறது என்னும் பாடத்தை இதைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்ச்சி அரிது. மகளிர் தொடர் ஓட்டத்திலும் இந்தியா அன்றே வெண்கலம் பெற்றது; அவ்வணியில் தமிழகத்தின் கார்த்திகா ஜெகதீஸ்வரனும், மருத்துவம் படித்த ஆரத்தி கஸ்தூரி ராஜும் இடம்பெற்றிருந்தனர்.

2025ஆம் ஆண்டு ஆனந்த்குமாரின் வாழ்வில் உச்சமாக அமைந்தது. ஆகஸ்டு மாதம் சீனாவின் செங்டு நகரில் நடந்த உலக விளையாட்டுப் போட்டியில், 1000 மீட்டர் விரைவோட்டத்தை 1 நிமிடம் 22.482 நொடியில் கடந்து வெண்கலம் வென்றார். அடுத்த மாதம் அந்நாட்டின் பெய்டாய்ஹேயில் நடந்த உலக விரைவு ஸ்கேட்டிங் போட்டியில் 500 மீட்டரில் வெண்கலமும், 1000 மீட்டரில் 1 நிமிடம் 24.924 நொடியில் தங்கமும் பெற்று, அப்போட்டியில் இந்தியாவுக்கு முதல் தங்கத்தைத் தேடித் தந்தார். அந்நேரத்தைக் கணக்கிட்டால், மணிக்கு 42 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகம் கிடைக்கிறது; நகரச் சாலையில் செல்லும் மோட்டார் சைக்கிளின் வேகத்தை, ஒருவர் தம் கால்களின் ஆற்றலால் மட்டுமே எட்டியிருக்கிறார்.

அப்போட்டியின் இறுதியில் 42 கிலோமீட்டர் மாரத்தானிலும் 22 வயதான அவரே தங்கம் வென்றார். ஓட்டப்பந்தயத்தில் 1000 மீட்டரையும் மாரத்தானையும் ஒருவரே வெல்வது எண்ணிப் பார்க்கவும் இயலாதது. ஸ்கேட்டிங்கில் அது இயல்வதற்குக் காரணம் உண்டு. மிகுந்த வேகத்தில் செல்லும்போது வீரரின் ஆற்றலில் பெரும்பகுதி காற்றை எதிர்ப்பதிலேயே செலவாகிறது. முன்செல்பவரின் முதுகுக்குப் பின்னால் ஒட்டிச் செல்பவருக்கோ அந்தச் செலவு வெகுவாகக் குறைகிறது. எனவே நெடுந்தொலைவுப் பந்தயத்திலும் கூட்டத்தோடு ஒட்டிச் சென்று வலிமையைக் காத்தவர், கடைசிச் சில நூறு மீட்டர்களில் குறுந்தொலைவு வீரரின் பாய்ச்சலைக் காட்ட முடியும். இபாகேயின் நீக்கல் பந்தயத்தில் வெளிப்பட்ட நிதானமும் பெய்டாய்ஹேயின் 1000 மீட்டரில் வெளிப்பட்ட வேகமும் அந்த மாரத்தானில் ஒன்றுசேர்ந்தன எனலாம்.

இவ்வெற்றிகள் ஒருவரது தனிச்சிறப்பாக நின்றுவிடாமல் ஒரு மண்ணின் மரபாக மாற வேண்டுமெனில், சில அடிப்படைத் தேவைகள் நிறைவேற வேண்டும். உலகப் போட்டிகளுக்குரிய தளம், வளைவுகளில் வெளிப்புறம் உயர்ந்து சரிவாக அமைந்த 200 மீட்டர் சுற்றாகும். அச்சரிவு இல்லாத தளத்தில் முழு வேகத்தோடு வளைவைக் கடக்கும் பயிற்சி கைகூடாது. மாலை 6 மணிக்குமேல் வாகனப் போக்குவரத்து நிறுத்தப்படும் புதுச்சேரிக் கடற்கரைச் சாலை போன்ற இடங்கள், சமநிலை பழகும் குழந்தைகளுக்கு நல்ல பள்ளிக்கூடமாக அமையக்கூடும்; ஆயினும் நேர்ச்சாலை எத்துணை நீண்டிருந்தாலும் வளைவைக் கற்றுத் தராது. மேலும், கடற்காற்றின் உப்பும் மணலும் சக்கரத்தினுள் உள்ள பேரிங்குகளை விரைவில் துருப்பிடிக்கச் செய்வதால், அவற்றை அவ்வப்போது கழற்றித் துடைத்து எண்ணெயிடும் பழக்கத்தையும் கடற்கரை ஊர்க் குழந்தைகள் தொடக்கத்திலேயே பெற வேண்டும்.

தளத்துக்கு அடுத்தபடியாகத் தேவைப்படுவது காலம். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு நெருங்கியதும் காலணிகளைப் பரண்மேல் ஏற்றிவிடும் வழக்கம் நீடிக்குமாயின், திறன் முதிரும் வயதுக்கு முன்பே விளையாட்டு முடிந்துபோகும். படிப்பும் பயிற்சியும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல என்பதற்கு, மருத்துவக் கல்வியோடு ஆசியப் பதக்கத்தையும் பெற்ற ஆரத்தியே சான்றாவார். இளையோர் வெள்ளிக்கும் உலகத் தங்கத்துக்கும் இடையே ஆனந்த்குமாருக்குக்கூட ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் தேவைப்பட்டன. அந்த ஆண்டுகளைப் பிள்ளைகளுக்குப் பெற்றோரும், சரிவுள்ள தளத்தை ஊர்களுக்கு அரசும் வழங்குமாயின், உறைபனியே இல்லாத இந்தக் கடற்கரையிலிருந்து உலக வெற்றியாளர்கள் தொடர்ந்து எழுவார்கள் என்று நம்புவதற்கு உறுதியான அடிப்படை இப்போது இருக்கிறது.