உருக்கு ஆலையில் ஓர் அடைப்பு

யாழ்ப்பாணத்துக் கிணற்று நீரை நாள்தோறும் கொதிக்கவைக்கும் கேத்தலின் உட்புறத்தை நோக்கியவர்கள், அங்கே வெண்ணிறமான சுண்ணப்படிவு தடித்திருப்பதைக் கண்டிருப்பார்கள். தெளிந்த நீரிலே கண்ணுக்குப் புலப்படாதிருந்த பொருள், காலப்போக்கில் கேத்தலின் மூக்கையும் ஒடுக்கிவிடுகின்றது. இதனையொத்த தொல்லையொன்று உருக்கு ஆலைகளிலும் உண்டு. ஆனால், அங்கே குழலூடாக ஓடுவது நீரன்று. செல்சியசு 1,500 பாகைக்கு மேற்பட்ட வெப்பத்தில் உருகி ஓடும் உருக்கு.

முன்னர் உருகிய உருக்கைத் தனித்தனி அச்சுகளில் ஊற்றி ஆறவிட்டு, பாளம் பாளமாக எடுப்பதே வழக்கம். இன்று உலகில் உற்பத்தியாகும் உருக்கில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்ட பங்கு தொடர்வார்ப்பு முறையிலேயே உருப்பெறுகின்றது. பெருந்தாழியிலிருந்து இடைத்தொட்டிக்கும், இடைத்தொட்டியிலிருந்து நீரினாற் குளிரூட்டப்படும் செப்பு அச்சுக்கும் உருக்கு இடையறாது இறங்குகின்றது. அச்சின் அடியிலிருந்து மேற்புறம் உறைந்த நீண்ட பாளம் வெளிவருகின்றது. தொட்டியையும் அச்சையும் இணைப்பது ஊற்றுக்குழல் ஒன்றே. காற்றுப் படாதவாறு அதன் நுனி அச்சிலுள்ள உருக்கினுள்ளே அமிழ்ந்திருக்கும். நூற்றுக்கணக்கான தொன் உருக்கும் இச்சிறு வழியாகவே செல்லவேண்டும்.

இக்குழல் ஏன் அடைபடுகின்றது? உருக்கிலே கரைந்திருக்கும் ஒட்சிசன் அதன் தரத்தைக் கெடுக்கும். அதனை நீக்குவதற்கு அலுமினியத்தைச் சேர்க்கிறார்கள். அலுமினியம் ஒட்சிசனைப் பற்றி அலுமினாவாக மாறுகின்றது. அலுமினா உருகுவதற்கு 2,000 பாகைக்கு மேற்பட்ட வெப்பம் வேண்டும். ஆதலால் அது நுண்ணிய திண்மத் துகள்களாக உருக்கில் மிதக்கின்றது. பெரும்பகுதி மேலெழுந்து கசடிற் சேர்ந்துவிடும். எஞ்சியவை குழலின் சுவரில் ஒட்டி, ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து வழியை ஒடுக்குகின்றன. உருக்கைத் தூய்மை செய்யப் புகுந்த செயலே அடைப்புக்கும் வித்தாகின்றது! படிவு கட்டியாகப் பெயர்ந்து பாளத்தினுள் புகுந்தால், பின்னர் தகடாக உருட்டும்போது அவ்விடத்திற் குறை தோன்றும். வழி முற்றாக அடைபட்டால் வார்ப்பையே நிறுத்த நேரிடும்.

இதற்குக் கையாளும் பரிகாரங்களுள் ஒன்று கல்சியம். அதனைத் தக்க அளவிற் செலுத்தினால், அலுமினாவுடன் கூடி உருக்கின் வெப்பத்திலேயே திரவமாகும் சேர்வையைத் தருகின்றது. திரவத் துளி சுவரில் எளிதிற் படியாது. நம் கேத்தலை அடைக்கும் சுண்ணத்தின் மூலகம் அங்கே அடைப்பை நீக்குவது வியப்பன்றோ? எனினும் அளவு பிழைக்கலாகாது. கல்சியம் குறைந்தால் சேர்வை திண்மமாகவே நிற்கும். உருக்கிற் கந்தகம் மிகுந்திருந்தால் கல்சியம் சல்பைட்டு தோன்றி, அதுவும் அடைக்கும். மேலும், மோட்டார் வண்டித் தகடுகளுக்கான காபன் மிகக்குறைந்த உருக்குக்கு இம்முறை பெரும்பாலும் பொருந்துவதில்லை. ஆகனைக் குழலூடாகச் செலுத்திப் படிவைக் குறைப்பதும், இணைப்புகளிற் காற்று புகாது காப்பதும் வேறு வழிகள்.

இனிக் குழலின் சுவரையே நோக்குவோம். அது பெரும்பாலும் அலுமினாவும் காரீயமும் கலந்த, தீத்தாங்கும் பொருளால் ஆனது. முற்காலத்தில் உலோகம் உருக்கும் மூசைகளுக்காக நம் நாட்டிலிருந்து கப்பலேறிய காரீயத்தை நேயர்கள் அறிவார்கள். திடீர் வெப்பத்தில் குழல் வெடிக்காதிருக்கக் காரீயம் உதவுகின்றது. ஆனால் காரீயத்திலுள்ள காபன், குழற்பொருளில் இருக்கும் சிலிக்காவுடன் தாக்கமுற்று வாயுக்களைத் தோற்றுவிக்கின்றது. அவ்வாயுக்கள் உருக்கிலுள்ள அலுமினியத்தைச் சந்தித்ததும் புதிய அலுமினா சுவரிலேயே உருவாகின்றது. தாங்கும் பொருளே தடைக்கும் துணைபோகின்றது.

ஆகவே, உடலிற் காரீயத்தை வைத்துக்கொண்டு, உருக்குத் தொடும் உட்புறத்தில் காபனற்ற படை ஒன்றை அமைக்கும் முறை எழுந்தது. சுண்ணமும் சிர்க்கோனியாவும் சேர்ந்த பொருளை உட்புறத்தில் இடுவது மற்றொரு முறை. அதிலுள்ள சுண்ணம், ஒட்டவரும் அலுமினாவுடன் கூடித் திரவமாகி, உருக்கோட்டத்துடன் கழுவிச் செல்கின்றது. ஆனால் சுவரும் அவ்வளவுக்கு மெலிகின்றது. எனவே அதன் ஆயுளைக் கணித்தே பயன்படுத்தவேண்டும்.

நேயர்களே, குற்றமற்ற பொருள் என ஒன்றைத் தேடியவர்கள் இங்கே வெற்றி காணவில்லை. ஒவ்வொரு பொருளின் குணத்தையும் குற்றத்தையும் அறிந்து, உரிய இடத்தில் உரிய அளவில் வைத்தவர்களே வழியைத் திறந்தார்கள். அடுத்த முறை கேத்தலின் படிவைச் சுரண்டும்போது, அதனைப் பழிக்குமுன் அது எவ்வாறு வந்தது என்று சற்றுச் சிந்தியுங்கள்.