தீவக மாணாக்கரும் பீட்சாவும்

இத்தாலி நாட்டின் நேப்பிள்ஸ் நகரத்து ஏழைத் தொழிலாளரின் உணவாக இருந்த ஒன்று, இன்று யாழ்ப்பாண நகரத்து மாணாக்கரின் விருந்துணவாக மாறியிருக்கிறது. பீட்சா என்பதே அவ்வுணவு. பிறந்த ஊரில் காசில்லாதவன் பசியாற உண்டது. வந்த ஊரில் காசுள்ளவனுக்கே உரியதென்று எண்ணப்படுவது. இந்த மாற்றத்தின் காரணம் விளங்கினால், சிறிய கைச்செலவோடு கற்கும் மாணாக்கன் அவ்வுணவை எவ்வாறு மனநிறைவோடு உண்ணலாம் என்பதும் விளங்கிவிடும்.

நேயர்களே, பீட்சாவின் பழைய கதை சுவையானது. அமெரிக்கக் கண்டத்திலிருந்து பதினாறாம் நூற்றாண்டில் ஐரோப்பாவுக்கு வந்த தக்காளி, காலப்போக்கில் நேப்பிள்ஸ் நகரத்துத் தட்டை ரொட்டியின் மேல் இடம்பெற்றது. பிரெஞ்சு எழுத்தாளர் அலெக்சாந்தர் டூமா, 1843ஆம் ஆண்டளவில் வெளிவந்த தம் பயண நூலில் இந்நகரத்துப் பீட்சாவைப் பற்றி எழுதியிருக்கிறார். மீன் இட்ட பீட்சா மலிவாக விற்கப்பட்டால் அன்று கடலில் நல்ல பாடு என்று அறியலாம். எண்ணெய் இட்டது விலையேறினால் ஒலிவ விளைச்சல் குன்றியதென்று அறியலாம் என்பது அவர் கண்ட செய்தி. இன்று உண்டு எட்டு நாள் கழித்துக் காசு கொடுக்கும் வழக்கமும் அங்கே இருந்தது. 2017ஆம் ஆண்டில் அந்நகரத்துப் பீட்சா செய்வோரின் கலையை யுனெஸ்கோ நிறுவனம் மானுட மரபுச் செல்வங்களுள் ஒன்றாக ஏற்றுக்கொண்டது. அந்த ஊரில் அன்று எது மலிவோ அதை ரொட்டியின் மேல் இட்டுச் சுடுவதே பீட்சாவின் இயல்பு என்பதை இவ்வரலாறு காட்டுகிறது.

யாழ்ப்பாண நகரில் அது வேறு கோலத்தில் வந்து சேர்ந்தது. 2009ஆம் ஆண்டில் போர் முடிந்த பின்னரே பன்னாட்டுப் பெயர்ப்பலகை தாங்கிய உணவகங்கள் இங்கே வரலாயின. குளிரூட்டிய கூடமும் கண்ணாடிக் கதவும் ஒளி விளக்கும் உணவின் விலையோடு சேர்ந்தே வந்தன. கோதுமை இலங்கையில் விளைவதில்லை. பாலாடைக்கட்டியிலும் பெரும்பகுதி கப்பலேறி வருவதே. 2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியில் மாவும் எரிவாயுவும் பட்ட பாட்டை எவரும் மறந்திரார்.

இனித் தீவக மாணாக்கனின் நிலையை எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஊர்காவற்றுறைப் பிள்ளை பண்ணைப் பாலம் கடந்து பேருந்தில் நகருக்குச் சென்று மாலையில் வீடு திரும்பலாம். நெடுந்தீவுப் பிள்ளைக்கு அது கைகூடாது. குறிகட்டுவான் துறையிலிருந்து ஏறத்தாழ ஒரு மணி நேரக் கடற்பயணம். படகுகளோ நாளுக்குச் சிலவே. ஆகவே திருநெல்வேலியிலுள்ள பல்கலைக்கழகத்தில் இடம் பெற்றவன் விடுதியிலோ வாடகை அறையிலோ தங்கியே ஆக வேண்டும். அறை வாடகை, உணவு, நூற்படி, பயணம் என்று ஒவ்வொரு ரூபாவும் முன்னரே பெயர் எழுதப்பட்டுவிட்ட காசு. கருவாடு விற்ற பணத்தில் தாய் அனுப்பும் தொகையும் அதனுள் அடங்கும்.

இந்நிலையில் தோழன் ஒருவனின் பிறந்தநாள் வருகிறது. பீட்சாக் கடைக்குச் செல்வோம் என்று அழைக்கிறார்கள். காசில்லை என்று சொல்ல நாணி, தலைவலி என்று பொய் கூறி அறையில் தங்கிவிடும் பிள்ளைகள் உண்டு. கடன் வாங்கிச் சென்றுவிட்டு, மாதத்தின் கடைசி வாரத்தைத் தேநீரோடும் பணிசோடும் கழிக்கும் பிள்ளைகளும் உண்டு. முன்னவர் தோழமையை இழக்கிறார்; பின்னவர் உடல்நலத்தை இழக்கிறார். ஒரு வட்டமான ரொட்டிக்காக இவ்விரண்டில் எதையும் இழக்க வேண்டியதில்லை.

கணக்கை நேராகப் பார்ப்பது நாணத்துக்கு நல்ல மருந்து. 1981ஆம் ஆண்டுச் சட்டத்தால் நிறுவப்பட்ட மகாபொல நிதியத்தின் மாத உதவித்தொகையை, 2025ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டம் 5,000 ரூபாவிலிருந்து 7,500 ரூபாவாக உயர்த்தியது. அத்தொகையையே அளவாகக் கொள்க. ஒரு பீட்சாவின் விலை 2,000 ரூபா என்று வைத்துக்கொண்டால், தனியாக வாங்குபவன் மாதத் தொகையில் காற்பங்குக்கு மேல் ஒரே வேளையில் செலவிடுகிறான். நால்வர் பகிர்ந்தால் ஆளுக்கு 500 ரூபா. அது பதினைந்தில் ஒரு பங்கு. மாதத்துக்கு ஒரு முறை என்றால் தாங்கக்கூடியதே.

வாங்கும்போது மற்றொரு கணக்கும் உதவும். வட்டத்தின் பரப்பு அதன் விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பது பள்ளிப் பாடம். எட்டங்குலப் பீட்சா இரண்டு சேர்ந்தாலும் பன்னிரண்டங்குலப் பீட்சா ஒன்றுக்கு ஈடாகா. முன்னது 128 பங்கு என்றால் பின்னது 144 பங்கு. ஆகவே சிறியவை இரண்டின் விலையையும் பெரியது ஒன்றின் விலையையும் ஒப்பிட்டே வாங்குதல் வேண்டும். புறப்படுமுன் ஆளுக்கு எவ்வளவு என்று பேசி முடிவு செய்வது நன்று. இனிய குடிவகைகளைத் தவிர்த்துத் தண்ணீரோடு உண்டால் செலவு மேலும் குறையும். “இம்மாதம் இயலாது, அடுத்த மாதம் வருகிறேன்” என்று தலைநிமிர்ந்து சொல்லவும் பழக வேண்டும். அச்சொல்லைக் கேட்டு நகைப்பவன் தோழனல்லன்.

கடையில் உண்பது ஒரு வகை இன்பம். குசினியில் சமைத்து உண்பது மற்றொரு வகை. வெதுப்படுப்பு இல்லையே என்று தயங்க வேண்டாம், தோசைக்கல்லே போதும். இரண்டு கோப்பைக் கோதுமை மாவுக்கு ஒரு தேக்கரண்டி ஈஸ்ட், சிறிது சீனி, உப்பு, ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் சேர்த்து, இளஞ்சூட்டு நீர் விட்டுப் பிசைந்து ஒரு மணி நேரம் மூடி வைக்க வேண்டும். அப்பத்துக்குக் கள் விட்டு மாப் புளிக்க வைத்த மக்களுக்கு இது புதுமையன்று. தக்காளிப்பழம், உள்ளி, வெங்காயம், செத்தல் மிளகாய் ஆகியவற்றை எண்ணெயில் வதக்கிக் கூழாக வற்றவிட வேண்டும். பொங்கிய மாவை இரண்டாகப் பகுத்து, மெல்லிய வட்டமாகத் தட்டிக் கல்லில் இட்டு, ஒரு புறம் வெந்ததும் புரட்டி, வெந்த புறத்தில் தக்காளிக் கூழைப் பூச வேண்டும். அதன்மேல் துருவிய பாலாடைக்கட்டியைத் தூவி, மூடி, மெல்லிய நெருப்பில் உருகும்வரை விட்டால் பீட்சா ஆயத்தம். உலோக மூடியின் மேல் சிரட்டைத் தணல் சிறிது இட்டால் மேற்புறமும் சிவக்கும்.

மேலே இடும் பொருளுக்குத் தீவகத்தில் குறைவில்லை. மிளகுத்தூளோடு வதக்கிய இறால், உதிர்த்த நண்டுச் சதை, வதக்கிய முருங்கையிலை என்பன நகரத்துக் கடையில் எளிதிற் கிடைக்காத சுவைகள். அன்றைய பாட்டில் மலிவாகக் கிடைத்ததை இடுவதே நேப்பிள்ஸ் நகரத்தார் செய்ததும். பாலாடைக்கட்டி விலையேறியிருந்தால் அளவைக் குறைக்கலாம். தேசிப்புளி விட்டுத் திரித்த பாற்கட்டி அதுபோல் உருகாதெனினும் சுவைக்கு உதவும்.

ஒடியற் கூழின் வரலாறும் இதற்கு ஒப்பானதே. பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த மாவோடு, அன்று கிடைத்த மீனும் நண்டும் பயற்றங்காயும் மரவள்ளியும் பலாக்கொட்டையும் சேர்த்துக் காய்ச்சி, பனையோலைப் பிளாவில் வார்த்துக் கூடியிருந்து குடித்தனர் முன்னோர். வறியவர் பானையில் பிறந்த அவ்வுணவு இன்று வெளிநாடுகளிலிருந்து வருவோர் விரும்பிக் கேட்கும் விருந்தாயிற்று. மணிமேகலைக் காப்பியம் கூறும் மணிபல்லவத்தை நயினாதீவோடு இணைத்துப் பேசுவோர் பலர்; உண்ணும் உணவைப் பிறர்க்கு ஈயும் பெருமையைச் சொல்லும் காப்பியம் அது.

விடுமுறைக்கு நெடுந்தீவு திரும்பும் பிள்ளை ஒரு பொதி ஈஸ்டும் சிறிது பாலாடைக்கட்டியும் கையோடு கொண்டு செல்லட்டும். பீட்சாக் கடையின் வாசலையே மிதித்தறியாத தாயும் தம்பி தங்கையரும் அங்கே இருக்கிறார்கள். அவர்கள் எதிரில் அதைச் சுட்டு, முதற்றுண்டைத் தாயின் கையில் வைத்தால், நகரத்தில் தான் சுவைத்தது இன்னதென்று வீட்டாரும் அறிவர். அதற்கு ஆகும் செலவு கடையில் ஒருவன் பங்கைவிடப் பெரிதாக மிகாது.