இரும்பு இழைப்புளியின் மரநெஞ்சு



தச்சர் கருவிகளுள் இழைப்புளி தன் பெயரிலேயே தன் இலக்கணத்தைச் சுமந்து நிற்பது. இழைப்பதற்குரிய உளி அது. உளியை வெறுங்கையால் செலுத்தினால் வெட்டின் ஆழம் மாறிக்கொண்டே இருக்கும். அதையே ஓர் உடலுக்குள் சாய்த்துப் பொருத்தி, அலகின் நுனி மட்டும் அடிப்பரப்பின் வாய்வழியே சற்றே வெளித்தோன்றுமாறு செய்துவிட்டால், சீரான மரச்சுருள் பிரிந்து வரும்.

உடலும் மரமாயின் அது தேயும். பருவந்தோறும் சிறிது வளையும். வாய் அகன்றுவிட்டால், அலகுக்கு முன்னுள்ள நாரை அழுத்திப் பிடிப்பதற்கு எதுவுமில்லை. முறுக்குநார் கொண்ட கடுமரம் பிய்ந்துபோகும். இக்குறையை நீக்க வழிகண்டவர் உரோமர். கி.பி. 79-இல் எரிமலைச் சாம்பலில் புதையுண்ட பொம்பெய் நகரிலும், இங்கிலாந்தின் சில்செஸ்டரிலும் அவர்தம் இழைப்புளிகள் அகழ்ந்தெடுக்கப்பட்டுள்ளன. தேயும் அடிப்பரப்புக்கு இரும்பு, உள்ளீட்டுக்கு மரம், இரண்டையும் பிணைக்கத் தறையாணிகள் என்பது அவற்றின் அமைப்பு. பேரரசு வீழ்ந்தபின் ஐரோப்பியத் தச்சர் பெரும்பாலும் மரவுடலையே கொண்டனர்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில், ஸ்காட்லாந்தின் ஏர் நகரில் ஸ்டுவர்ட் ஸ்பையர்ஸ் என்பாரின் பட்டறையில் உலோக உடல் புதுப்பொலிவு பெற்றது. அடித்தகடு ஒன்று, பக்கத்தகடுகள் இரண்டு. இவற்றை இணைத்த முறைதான் வியப்புக்குரியது. புறாவின் வால்போல் விரிந்த பற்களால் பலகைகளைக் கோப்பது தச்சர் அறிந்த பழைய உத்தி. மரத்தில் அப்பற்கள் ஒரு திசையில் மட்டுமே பூட்டும். கோத்த வழியே கழற்றவும் இயலும். ஸ்பையர்சின் தகடுகளிலோ இரு திசையிலும் பூட்டு! இருபுறமும் விரிந்த பற்களை ஒன்றனுள் ஒன்று நுழைப்பது எங்ஙனம்? நுழைத்தபின் விரிப்பதே மறைபொருள். சற்று நீட்டி விடப்பட்ட பல்முனைகளைச் சுத்தியலால் அடிக்க, உலோகம் பரவி, எதிர்த்தகட்டின் சரிவான விளிம்புகளில் நிறைந்துகொள்ளும். பின் அரத்தால் தேய்த்துவிட்டால், இணைப்பு இருந்த இடமே கண்ணுக்குப் புலப்படாமல் போகும். தச்சனிடம் கடன்வாங்கிய பொருத்து, மரத்தால் ஒருபோதும் ஆகாததைக் கொல்லன் கையில் செய்துகாட்டியது. தகடுகளுக்கு இடையே இறுக நிறைக்கப்பட்டது பெரும்பாலும் ஈட்டி இன மரம். தடித்த அலகு அதன்மேல் அசையாது அமரும். கருவியின்மேல் பொறித்திருப்பது பட்டறையின் பெயர். சுத்தியல் பிடித்த தொழிலாளியின் பெயர் அதில் இல்லை.

அமெரிக்கரான லெனார்டு பெய்லி வேறு வழி சென்றார். முழுவுடலையும் வார்ப்பிரும்பில் வார்த்து, மரத்தைக் கைப்பிடிகளோடு நிறுத்தி, மெல்லிய அலகைப் பித்தளைத் திருகால் முன்னும் பின்னும் நகர்த்தினார். 1869-இல் அவருடைய உரிமங்கள் ஸ்டான்லி நிறுவனத்தின் வசமாயின. பழங்கருவி சேகரிப்போர் சிலர் இதனை வெறும் ஆலைச்சரக்கென்று தாழ்த்துவது முறையன்று. எளிய தச்சரும் வாங்கக்கூடிய இரும்பு இழைப்புளி இதுவே. லண்டனில் ஸ்பையர்ஸ் வழியைத் தொடர்ந்த நாரிஸ் பட்டறையும், 1913-இல் தன் மரநெஞ்சுக் கருவிக்கு அலகை நகர்த்தும் திருகொன்றை அமைத்து உரிமம் பெற்றுக்கொண்டது.